வில்வண்டியும் பாரவண்டியும்

மெர்சிங் வட்டாரத்தில் புதிய ஊர்தி வாங்க எண்ணும் குடும்பங்கள் பல, இரண்டு வகைகளுக்கிடையே நின்று தயங்குகின்றன. ஒன்று, பின்னே திறந்த சரக்குத் தட்டு உடைய பெரிய பிக்கப். மற்றொன்று, முழுதும் கூரை வேய்ந்து, மெத்தை இருக்கைகள் நிறைந்த எஸ்.யு.வி. என்னும் சொகுசு ஊர்தி. இரண்டும் உயரமானவை, இரண்டும் கம்பீரமானவை. எனவே, எது மேலானது என்னும் வினா எழுகின்றது.

தமிழர்க்கு இவ்வினா புதியதன்று. வில்வண்டி வேறு, பாரவண்டி வேறு என்பதை முன்னோர் நன்கறிவர். எருவும் நெல்லும் ஏற்றும் கட்டை வண்டியில் அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையே நெகிழ்வு ஏதும் இராது. வில்வண்டியிலோ, எஃகுப் பட்டைகளை அடுக்கி வளைத்த வில் அவ்விடத்தில் இருக்கும். கூண்டுக்குள் அமர்ந்தவர் முதுகு பிழைக்கும். சுமையும் மனிதரும் வெவ்வேறு வகையாகத் தாங்கப்பட வேண்டியவை என்னும் அறிவே அப்பெயர்களில் அடங்கியுள்ளது. சங்க காலத்து உமணர் உப்பு வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் சென்ற செய்தியைப் புறநானூற்று 102ஆம் பாட்டில் ஒளவையார் உவமையாக ஆள்கின்றார். இன்றைய பிக்கப்பின் மாற்றுச் சக்கரமும் தட்டின் அடியிலேதான் தொங்குகிறது!

வெளித் தோற்றத்தை நீக்கி அடிப்பகுதியைக் கண்டால் ஒரு வியப்பு காத்திருக்கின்றது. தோயோத்தா நிறுவனத்தின் ஹைலக்ஸ் பிக்கப்பும் பார்ச்சூனர் எஸ்.யு.வி.யும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்; 2004இல் தொடங்கிய ஒரே திட்டத்தில் உருவானவை. இசுசு டி-மேக்ஸுக்கு எம்.யு.-எக்ஸ், மிட்சுபிஷி திரைட்டனுக்குப் பஜேரோ ஸ்போர்ட், ஃபோர்டு ரேஞ்சருக்கு எவரெஸ்ட் என, ஏனைய நிறுவனங்களிலும் இவ்வுறவு உண்டு. நீண்ட இரண்டு எஃகுத் தண்டுகளைக் குறுக்குச் சட்டங்களால் இணைத்த, ஏணி போன்ற அடிச்சட்டமே இவற்றுக்கெல்லாம் முதுகெலும்பு. ஹைலக்ஸ் என்னும் பெயரே உயர்வு, சொகுசு என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களின் சுருக்கமாகும். 1968இல் மூட்டை சுமக்கப் பிறந்த வண்டிக்கு அப்பெயர் சூட்டியவர்களின் துணிவைப் பாராட்டலாம்.

அப்படியானால் வேறுபாடு எங்கே? பின் அச்சின் மேலே.

பிக்கப்பின் பின் அச்சைத் தாங்குவது பெரும்பாலும் பட்டைவில். ஏறத்தாழ 2 டன் எடையுள்ள அவ்வண்டி, மேலும் 1 டன் அளவுக்குச் சுமக்குமாறு அவ்வில் கடினமாக ஆக்கப்பட்டுள்ளது. செம்பனைக் குலை ஒன்று 20 கிலோ எனக் கொண்டால், 50 குலைகளில் அந்த 1 டன் நிறைந்துவிடும். நிறைந்த வண்டி அமைதியாகச் செல்லும். இறக்கிவிட்டு வெறுந்தட்டோடு திரும்பும்போதுதான் துள்ளல் தொடங்குகிறது. 1 டன்னுக்கென அமைந்த வில், சுமையில்லாதபோது வளைய மறுக்கின்றது. மேலும், என்ஜின் முன்னே இருப்பதால் வெறும் பிக்கப்பின் பின் சக்கரங்கள் மேல் எடை குறைவாகவே அழுந்துகிறது. மழை நனைத்த வளைவில் வேகமாகத் திரும்பினால் அச்சக்கரங்கள் வழுக்கக்கூடும். வில்வண்டியில் சொகுசு தந்த அதே பட்டைவில், பட்டைகள் தடித்தவுடன் பாரவண்டியின் முரட்டுத்தனத்துக்குக் காரணமாகிவிட்டது.

பார்ச்சூனர் போன்றவற்றில் அவ்விடத்தில் சுருள்வில் அமைந்துள்ளது. ஆள் ஒருவர் 65 கிலோ எனக் கொண்டால் எழுவர்க்கு 455 கிலோ, அதனோடு பெட்டிகள். இந்த அளவுக்கே அது மென்மையாக அமைக்கப்படுகிறது. பட்டைவில் அச்சை இடம் பெயராமல் பிடித்துக்கொள்ளும் வேலையையும் சேர்த்தே செய்யும். சுருள்வில்லுக்கு அத்திறன் இல்லாமையால் தனிப் பிடிதண்டுகள் வேண்டும். விலை ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம். நிசான் நவாரா போன்று பின்னேயும் சுருள்வில் பெற்ற பிக்கப்புகளும் உண்டு என்பதை மறத்தலாகாது.

எஸ்.யு.வி. எனப்படும் எல்லாம் ஒரே இனமும் அல்ல. மலேசியாவில் பலர் விரும்பும் தோயோத்தா ஹேரியர், 1997இல் கேம்ரி என்னும் மகிழுந்தின் அடிப்படையில் எழுந்தது. அதற்கு ஏணிச் சட்டம் கிடையாது. முட்டை ஓடு போல உடலே பாரத்தைத் தாங்குகிறது. ஜொகூர் பாருவுக்கு ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தார்ச்சாலைப் பயணத்துக்கு அதனினும் இனியது அரிது.

ஆனால் மெர்சிங் மாவட்டத்தில் தார்ச்சாலை மட்டும் இல்லை. ஜக்குன் பழங்குடியினர் வாழும் கம்போங் பெத்தா இம்மாவட்டத்தைச் சேர்ந்தது. எண்டாவ்-ரொம்பின் தேசியப் பூங்காவின் வாயிலும் அதுவே. கஹாங்கிலிருந்து அங்குச் செல்லும் 50 கிலோமீட்டருக்கு மேற்பட்ட மண்பாதை, நான்கு சக்கர இயக்கமுள்ள ஊர்திகளுக்கே உரியதாகக் கருதப்பட்டு வருவது. அத்தகைய வழியில் ஏணிச் சட்டம் தன் பயனைக் காட்டும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அதாவது நவம்பர் முதல் மார்ச் வரை, வேறொரு மயக்கம் உண்டாகின்றது. வண்டி உயரமானது, ஆதலால் வெள்ளத்தைக் கடக்கலாம் என்பது அது. ரேஞ்சருக்கு 800 மில்லிமீட்டர், ஹைலக்ஸுக்கு 700 மில்லிமீட்டர் ஆழம் வரை என நிறுவனங்கள் கூறும் அளவு, நிற்கும் நீரில் மெல்லச் செல்வதற்கு உரியது. ஓடும் வெள்ளத்தின் கணக்கு வேறு. ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் ஆழமுள்ள நீரோட்டம் சிறு கார்களை இழுத்துச் செல்லும். 60 சென்டிமீட்டர் போதும், பிக்கப்பையும் எஸ்.யு.வி.யையும் அடித்துச் செல்ல. சக்கரம் தரையை விட்டு எழுந்தபின் நான்கு சக்கர இயக்கத்தால் என்ன பயன்? இவ்விடத்தில் இரண்டுக்கும் உயர்வு தாழ்வு இல்லை.

எரிபொருளையும் எண்ணவேண்டும். தீபகற்ப மலேசியாவில் 2024 ஜூன் 10 முதல் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசாக உயர்ந்தது. அப்போது தகுதியுடைய டீசல் ஊர்தி உரிமையாளர்க்கும் சிறு தோட்டக்காரர்க்கும் மாதம் 200 வெள்ளி உதவித்தொகை அறிவிக்கப்பட்டது. சொகுசு டீசல் ஊர்தியைப் புதிதாக வைத்திருப்போர் அதில் சேர்க்கப்படவில்லை.

ஆகவே, வாரம் இருமுறை குலையோ உரமோ மீன்பெட்டியோ ஏற்றுபவர்க்குப் பிக்கப் பொருந்தும். வயது முதிர்ந்த பெற்றோரோடும் மூன்று நான்கு பிள்ளைகளோடும் செல்பவர்க்கு அது பொருந்தாது. ஐந்து பேருக்கு மேற்பட்டால் மிஞ்சுவது தட்டு ஒன்றே, அங்கே இருக்கைவாரும் இல்லை, கூரையும் இல்லை. பிள்ளைகளை அதில் ஏற்றுவதை வழக்கமாக்கிக் கொள்ளும் குடும்பம், விலையில் மிச்சம் பிடித்ததாக எண்ணினால் கணக்குத் தவறிவிட்டது.

விற்பனைக் கூடத்தார் ஓட்டிப் பார்க்கத் தருவது எப்போதும் வெறும் வண்டியே, அதுவும் நகரச் சாலையில். பிக்கப் வாங்குவோர் பின்னிருக்கையில் வீட்டு முதியவர் ஒருவரை அமரவைத்து, மேடு பள்ளமான பாதையில் ஓட்டிப் பார்க்கக் கேட்கலாம். எஸ்.யு.வி. வாங்குவோர் மூன்றாம் வரிசை இருக்கையில் தாமே ஏறி அமர்ந்து, முழங்காலுக்கு இடமுண்டா, எல்லா இருக்கையும் நிறைந்தபின் பெட்டி வைக்க இடம் மிஞ்சுமா என்று பார்ப்பது நன்று. ஓட்டுநர் கதவருகே ஒட்டியுள்ள சிறு அட்டையில் சக்கரக் காற்றின் அளவு குறிக்கப்பட்டிருக்கும். பல பிக்கப்புகளில் வெறுமைக்கு ஒன்று, சுமைக்கு ஒன்று என இரண்டு அளவுகள் உண்டு.