ஒரு துடிப்பு போதும்

சின்ன மின்சாரம் – 9

சோளிங்கர் பக்கம் கிணற்றுப் பாசனம் செய்கிறவர்களுக்கு மும்முனை மின்சாரம் வரும் நேரம்தான் தண்ணீர் நேரம். அது நடுராத்திரி என்றால் நடுராத்திரியில்தான் வரப்பில் நடக்க வேண்டும். மோட்டாரை ஓட்டத் தானியங்கி ஸ்டார்ட்டர் வந்துவிட்டது. சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர்ப் பாசனம் 100 சதவீத மானியத்தில் கிடைக்கிறது. ஆனாலும் ஒரு பகுதி நனைந்ததும் அதன் வால்வை மூடி அடுத்ததைத் திறக்க, டார்ச் விளக்கோடு ஓர் ஆள் போகிறார். பாம்பு ஊரும் பாதையில் அந்த நடை தேவையே இல்லை. மின்சாரம் பாயும் கம்பிச் சுருளால் இயங்கும் ஒரு சோலினாய்டு வால்வு அதைச் செய்யும்.

வயல் நடுவே அந்த வால்வைப் பேட்டரியில்தான் ஓட்ட வேண்டும். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. சாதாரண சோலினாய்டு, வால்வு திறந்திருக்கும் நேரமெல்லாம் மின்சாரம் கேட்கும். கால் ஆம்பியர் இழுத்தால், 500 மில்லிஆம்பியர்-மணி கொண்ட 9 வோல்ட் பேட்டரி இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

இதற்கு விடை 'லாச்சிங்' சோலினாய்டு. உள்ளே ஒரு நிலைக்காந்தம் இருக்கிறது. ஒரு கணம் மின்துடிப்பு கொடுத்தால் இரும்புத் தண்டு இழுபட்டு, காந்தத்தோடு ஒட்டி அங்கேயே நிற்கும். மின்சாரத்தின் திசையைத் திருப்பி இன்னொரு துடிப்பு கொடுத்தால் விடுபடும். இடைப்பட்ட நேரத்துக்குச் செலவே இல்லை. தண்டு திறப்பதும் ஒரு சிறு துளையைத்தான். பெரிய வால்வின் ரப்பர் சவ்வைத் தூக்குவது குழாயில் வரும் தண்ணீரின் அழுத்தமே.

அந்தத் துடிப்புக்கும் ஓர் ஆம்பியருக்கு மேல் தேவைப்படலாம். பழைய பேட்டரியிடம் நேரடியாகக் கேட்டால் வோல்ட்டேஜ் சரிந்து, கட்டுப்படுத்தும் சிப் நின்றுபோகும். சொட்டுச் சொட்டாகக் குடத்தை நிரப்பி ஒரே வீச்சில் கவிழ்ப்பதுபோல, ஒரு கெப்பாசிட்டரை மின்தடை வழியே மெதுவாக நிரப்பிச் சட்டென்று விடுவிக்க வேண்டும். 4,700 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் 9 வோல்ட்டில் சுமார் 0.2 ஜூல் தாங்கும். நிரப்பும்போது அதே அளவு வெப்பமாகப் போகும். பேட்டரியிலோ ஏறத்தாழ 16,000 ஜூல் இருக்கிறது. ஆகவே வால்வைத் திறந்து மூடுவதால் பேட்டரி தீராது. இரவும் பகலும் விழித்திருக்கும் சிப் உறிஞ்சுவதைக் குறைப்பதில்தான் பேட்டரியின் ஆயுள் இருக்கிறது.

துடிப்பைத் திருப்ப நான்கு டிரான்சிஸ்டர் கொண்ட பாலம் வேண்டும். சுருளில் ஓடும் மின்னோட்டத்தைத் திடீரென வெட்டினால் வோல்ட்டேஜ் எகிறி டிரான்சிஸ்டரைச் சுட்டுவிடும். மின்சாரம் இரு திசையிலும் ஓடுவதால் சுருளின் குறுக்கே ஒரே டையோடு போட முடியாது. ஒவ்வொரு டிரான்சிஸ்டருக்கும் ஒன்று வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. இந்த வால்வு திறந்திருக்கும்போது பேட்டரி செத்தால், அது திறந்தேதான் இருக்கும். கிணற்றில் ஊறிய கொஞ்சத் தண்ணீரும் ஒரே பாத்தியில் போய்விடும். அதனால் பேட்டரி இறங்குவதைச் சுற்று தானே கவனித்து, கெப்பாசிட்டரில் மிச்சம் வைத்த கடைசித் துடிப்பால் வால்வை மூட வேண்டும். இந்த ஏற்பாடு இல்லாத கருவியை விவசாயியிடம் கொடுக்கவே கூடாது.

அடுத்த வாரம்: மண்ணின் ஈரத்தைச் சுற்றுக்கு எப்படித் தெரிவிப்பது?

(தொடரும்)