பனிப்புயலுக்கு முந்திய இரண்டு நாள்கள்

2022 ஜனவரி 17 ஆம் திகதி ஒரு திங்கட்கிழமை. அன்று ரொறன்ரோவைத் தாக்கிய பனிப்புயலால் டொன் வலி பார்க்வேயும் கார்டினர் அதிவேகச் சாலையும் மூடப்பட்டன. நூற்றுக்கணக்கான பேருந்துகள் பனியில் சிக்கி நின்றன. பலருக்கு அது வீட்டிலேயே இருந்துவிடக்கூடிய ஒரு நாள். ஆனால் திங்கள், புதன், வெள்ளிக் கிழமைகளில் டயாலிசிஸ் பெறும் சிறுநீரக நோயாளர்களுக்கு அவ்வாறு இருந்துவிட முடியாது. வார இறுதியின் நீண்ட இடைவெளிக்குப் பின், அவர்களது உடலில் நீரும் பொட்டாசியமும் மிகுதியாகச் சேர்ந்திருக்கும் நாள் திங்கட்கிழமைதான். அன்றைய சிகிச்சை தவறினால் மூச்சுத் திணறலும், உயிருக்கு ஆபத்தான இதயத் துடிப்புக் கோளாறும் ஏற்படலாம்.

ஒரு சிறுநீரக வைத்தியர் என்ற முறையில் நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றே: புயல் நாளில் நாம் செய்யக்கூடியவை மிகச் சில, அதற்கு முந்திய இரண்டு நாள்களில் செய்யக்கூடியவை பல.

காற்று ஏன் முக்கியம்?

முன்னறிவிப்பைக் கேட்கும்போது எத்தனை சென்ரிமீற்றர் பனி என்பதையே பலரும் கவனிக்கின்றனர். காற்றின் வேகத்தையும் கவனியுங்கள். மணிக்கு 40 கிலோமீற்றர் அல்லது அதற்கு மேற்பட்ட காற்று, பனியினால் 400 மீற்றருக்கு அப்பால் எதுவும் தெரியாத நிலை, இவை குறைந்தது நான்கு மணி நேரம் நீடித்தல் ஆகியவையே தென் ஒன்ராறியோவில் கடும் பனிப்புயலுக்குரிய அளவுகோல்கள். அள்ளிய பாதையைக் காற்று மீண்டும் மூடிவிடும், மின்கம்பிகளையும் அறுக்கும். வெப்பநிலை மறை 15 பாகையாக இருக்கும்போது 50 கிலோமீற்றர் வேகத்தில் காற்று வீசினால், உடல் உணரும் குளிர் ஏறத்தாழ மறை 29 பாகையாகும். அந்நிலையில் மூடப்படாத தோல் 10 முதல் 30 நிமிடங்களுக்குள் உறையக்கூடும்.

2022 டிசம்பரில், நயாகராவுக்கு அப்பாலுள்ள பஃபலோ நகரை இத்தகைய புயல் ஒரு நாளுக்கும் மேலாக முடக்கியது. அம்புலன்ஸ்களே தெருக்களில் சிக்கின. அப்பகுதியில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் சிலர் உதவி வந்து சேராமலும், சிலர் வெப்பமிழந்த வீடுகளிலும், சிலர் பனி அள்ளும்போது இதயம் செயலிழந்தும் இறந்தனர்.

எச்சரிக்கை வந்தவுடன்

டயாலிசிஸ் பெறுவோர்: உங்கள் முறை புயல் நாளில் வருமாயின், உடனே பிரிவைத் தொலைபேசியில் அழையுங்கள். இயலுமாயின் ஒரு நாள் முன்னதாகச் சிகிச்சையளிக்க முயல்வோம். வீட்டில் இயந்திரத்தின் உதவியுடன் வயிற்றுவழி டயாலிசிஸ் செய்வோர், மின்சாரம் தடைப்பட்டால் கையால் செய்யும் முறையை இப்போதே தாதியரிடம் மீளக் கேட்டறியுங்கள்.

உணவு: சிகிச்சை பிந்தக்கூடுமெனில் வாழைப்பழம், உருளைக்கிழங்கு, தக்காளி, கீரை, இளநீர் ஆகியவற்றைத் தவிருங்கள். கருவாடும் ஊறுகாயும் தாகத்தைக் கூட்டும். குளிருக்கு இதமாக அருந்தும் தேநீர், இரசம், கூழ் ஆகியவையும் உங்கள் நாளாந்த நீரளவில் அடங்கும். பொட்டாசியத்தைக் குறைக்கும் மருந்து தரப்பட்டிருந்தால், அதை எப்போது எடுப்பது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்துகள்: ஒரு வாரத்துக்குத் தேவையானவை கையிருப்பில் இருக்கட்டும். மின்தடையின்போது இன்சுலினை வெளியே பனியில் வைக்காதீர்கள். உறைந்த இன்சுலின் பயனற்றது. மின்சாரத்தில் இயங்கும் ஒட்சிசன் கருவியைப் பயன்படுத்துவோர், மாற்று உருளை எத்தனை மணி நேரத்துக்குப் போதும் என்பதை வழங்குநரிடம் கேட்டறியுங்கள்.

புயலின்போதும் பின்னரும்

இதய நோய், உயர் குருதி அமுக்கம், சிறுநீரக நோய் உள்ளவர்கள் பனி அள்ள வேண்டாம். கடுங்குளிரில் குருதிக் குழாய்கள் சுருங்கும் வேளையில் பாரமான ஈரப்பனியைத் தூக்குவது இதயத்துக்குப் பெருஞ்சுமை. டயாலிசிஸுக்காக இரத்தக்குழாய் இணைக்கப்பட்ட கையைப் பாரம் தூக்கப் பயன்படுத்தவே கூடாது. அயலவரின் உதவியை முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

வெப்பமூட்டியின் புகை வெளியேறும் குழாயைப் பனி மூடியுள்ளதா என, உடல்நலமுள்ள ஒருவர் பார்க்க வேண்டும். அடைபட்டால் மணமற்ற காபன் மொனொக்சைட் வாயு வீட்டினுள் சேரும். கரி அடுப்பை வீட்டினுள் மூட்டாதீர்கள். வாகனக் கொட்டகைக்குள் காரை இயக்கி வைக்காதீர்கள்.

மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, கைகால் தளர்ச்சி, சீரற்ற நாடித் துடிப்பு ஏற்பட்டால் 911 ஐ அழையுங்கள். வீதிகள் மூடப்பட்டிருக்கும் என எண்ணித் தாமதிக்காதீர்கள். அவசரமல்லாத ஐயங்களுக்கு 811 இல் எந்நேரமும் தாதியருடன் பேசலாம்.

நம் முதியவர்கள் பலர், “வைத்தியருக்கு ஏன் கரைச்சல்?” என்று வீட்டிலேயே பொறுத்திருப்பதைக் கண்டிருக்கிறேன். பிள்ளைகளே, தனியாக வாழும் பெற்றோரைப் புயலுக்கு முன்னரே அழைத்து, இம்மடலில் உள்ளவற்றை ஒவ்வொன்றாகக் கேளுங்கள். முன்கூட்டியே வரும் தொலைபேசி அழைப்பு எங்களுக்கு ஒருபோதும் தொல்லையன்று. புயல் தொடங்கிய பின்னர் வரும் அழைப்புக்கே எங்களால் முழுமையாக உதவ இயலாமற் போகலாம்.