ஒரு மீட்டர்க் கடைகளின் ஊர்

சீன தேசத்துக்கு உல்லாசப் பிரயாணமாகப் போகிறவர்கள் பெருஞ்சுவரைக் காண்பார்கள். பெய்ஜிங்கின் பழைய அரண்மனையைக் காண்பார்கள். ஷாங்காய் நதிக்கரையில் நின்று படம் பிடித்துக்கொண்டு திரும்புவார்கள். இவற்றையெல்லாம் விட்டு, கம்பியும் சில்லும் விற்கும் ஒரு கடைவீதியைப் பார்ப்பதற்கென்றே ஷென்ஜென் நகரத்துக்குப் போய்வந்தோம் என்று நாம் சொல்லும்போது நண்பர்கள் சிலர் நகைக்கிறார்கள். நகைப்பவர்களின் சட்டைப் பையிலேயே அந்தக் கடைவீதியின் வழியாக வந்த ஏதேனும் ஒரு துண்டு கிடக்கக்கூடும் என்பதை அவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை.

நம் நாட்டுக்கும் சீனத்துக்கும் இடையே நேர் விமானப் போக்குவரத்து 2020-ல் நின்று, 2025 அக்டோபரில் மீண்டும் தொடங்கியது. ஆயினும் இந்தக் கடைவீதிக்குச் சுலபமான வழி ஹாங்காங் வழியே. அங்கே மேற்குக் கவுலூன் ரயில் நிலையத்தில் இரு தரப்புக் குடியேற்ற அதிகாரிகளும் ஒரே கட்டடத்தில் அமர்ந்திருக்கிறார்கள். முத்திரை பெற்றுக்கொண்டு அதிவேக ரயிலில் ஏறினால் சுமார் 14 நிமிஷத்தில் ஷென்ஜெனின் ஃபூதியன் நிலையத்தில் இறங்கிவிடலாம். அங்கிருந்து சுரங்க ரயிலில் சிறிது தூரம். வீதியின் பெயர் ஹுவாசியாங்பெய்.

ஹுவா என்றால் சீனம். சியாங் என்றால் வலிமை. பெய் என்றால் வடக்கு. 1979-ல், குவாங்துங் மாகாணத்தின் வடக்கு மலைகளில் இருந்த ராணுவத் தொழிற்சாலைகள் சிலவற்றைப் பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே ஒரு கம்பெனியாக நிறுவினார்கள். அந்தக் கம்பெனிக்கு இட்ட பெயரே வீதிக்கும் நிலைத்தது. பெயரிலேயே தேசபக்தி இருக்கிறது. கடைக்காரர்கள் தினமும் அதை நினைந்துருகி வியாபாரம் செய்கிறார்கள் என்று மட்டும் நாம் சொல்ல மாட்டோம்.

1980-ல் ஷென்ஜெனை விசேஷப் பொருளாதாரப் பிரதேசமாகச் சீன சர்க்கார் பிரகடனம் செய்தபொழுது இந்த வட்டாரம் தொழிற்சாலைகளுக்கென்று ஒதுக்கிய நிலமாயிருந்தது. அக்காலத்துச் சீனத்தில் ஒரு ரேடியோத் தொழிற்சாலைக்குச் சில கெபாஸிட்டர்கள் வேண்டுமாயின், சர்க்காரின் திட்டப்படி பங்கீடு வரும்வரையில் காத்திருக்க வேண்டும். இந்தக் கட்டை அவிழ்ப்பதற்கே 1988-ல் ஸெக் என்ற சர்க்கார் கம்பெனி இங்கே ஒரு சந்தையைத் திறந்தது. வேண்டியவனும் விற்பவனும் நேருக்கு நேர் நின்று விலை பேசலாம் என்றார்கள். எளிய ஏற்பாடுதான். ஆனால் அந்த எளிய ஏற்பாட்டை அனுமதிக்கச் சீன சர்க்காருக்கு ஒரு தலைமுறை காலம் பிடித்தது என்பதையும் மறத்தலாகாது. எல்லைக்கு அப்பால் ஹாங்காங் துறைமுகம். இப்பால் மலிவான நிலமும், நாடெங்கிலுமிருந்து வந்து குவிந்த கிராமத்து இளைஞர்களும். மிச்சம் தானாக நடந்தது. 2020-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கில் இந்நகரத்தின் தொகை ஒன்றே முக்கால் கோடி.

ஸெக் கம்பெனி 2000-ல் எழுபது மாடிகளுக்கு மேற்பட்ட கோபுரம் ஒன்றையும் எழுப்பியது. 2021 மே 18-ந் தேதி, பூகம்பம் ஏதுமின்றியே அந்தக் கோபுரம் ஆட்டம் கண்டது. ஜனங்கள் வீதியில் தலைதெறிக்க ஓடினார்கள். உச்சியில் நட்டிருந்த கம்பம் காற்றில் அதிர்ந்து கட்டடத்தையும் அசைத்தது என்று நிபுணர்கள் கண்டார்கள். கம்பத்தை இறக்கிவிட்டு அதே ஆண்டு செப்டம்பரில் கடைகளைத் திறந்தார்கள். இடையில் வியாபாரிகள் சும்மா இருக்கவில்லை. சுற்றியுள்ள கட்டடங்களில் இடம் தேடிக்கொண்டார்கள்.

இனி உள்ளே செல்வோம். ஒரு மீட்டர் அகலமுள்ள கண்ணாடிப் பெட்டி. அதன் பின்னால் ஒரு முக்காலி. அதன்மேல் ஒரு பெண்மணியோ இளைஞனோ. இவ்வளவுதான் கடை. 'ஒரு மீட்டர்க் கவுண்டர்' என்றே சீனர்கள் இதனை அழைக்கிறார்கள். இப்படிப்பட்ட கடைகள் மாடிக்கு மாடி, கட்டடத்துக்குக் கட்டடம் ஆயிரக்கணக்கில் நெருங்கிக் கிடக்கின்றன. ஒருவன் ஸ்விட்சு மட்டும் விற்கிறான். அடுத்தவன் ஒயர் முனைகளில் மாட்டும் கனெக்டர் மட்டும் விற்கிறான். அதற்கடுத்த பெண்மணியிடம் உள்ளவையெல்லாம் ரெஸிஸ்டர்கள். ஒன்றரை மில்லிமீட்டர் சொச்சம் நீளமுள்ள அவை காகித நாடாவில் ஒட்டிச் சினிமாப் படச்சுருள்போல் சுற்றியிருக்கின்றன. ஒரு சுருளில் ஐயாயிரம். நம் ஊரில் இவ்வகைக் கடை என்றால் எல்லாச் சாமானும் சிறிது சிறிது வைத்திருப்பார்கள். இங்கே ஒரே சாமானை எல்லாத் தினுசிலும் வைத்திருக்கிறார்கள். இந்த வேற்றுமையைக் கண்டுகொண்டவன் பாதிச் சந்தையைக் கண்டுவிட்டான்.

விலை கேட்டால் விலை சொல்வதில்லை, "எத்தனை வேண்டும்?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். பதிலைக் கால்குலேட்டரில் தட்டிக் காட்ட வேண்டும். ஒன்று என்று தட்டும் பிரயாணியைப் பார்த்து முகம் சுளிப்பவரும் உண்டு. மாதிரி என்று எண்ணிச் சும்மாவே கொடுத்துவிடுபவரும் உண்டு. ஏனெனில் அந்தக் கண்ணாடிப் பெட்டி உண்மையில் கடையே அன்று. எங்கோ ஒரு தொழிற்சாலையின் ஜன்னல். லோங்ஹுவாவிலோ பாவோஆனிலோ உள்ள பட்டறையில் சரக்கு இருக்கிறது. பத்தாயிரம் என்று தட்டுங்கள்; முக்காலி நகரும், தேநீர் வரும், முதலாளிக்குத் தொலைபேசியில் செய்தி போகும்.

நண்பகலில் அந்தக் கண்ணாடிப் பெட்டியின்மேலேயே சாப்பாட்டு டப்பாக்கள் திறக்கப்படுகின்றன. மாலையில் பள்ளிக்கூடம் விட்டு வந்த குழந்தைகள் கெபாஸிட்டர்ப் பைகளுக்கு நடுவே வீட்டுப் பாடம் எழுதுகிறார்கள். நாள் முழுதும் ஓயாது கேட்பது, பெட்டிகளில் பசை நாடாவை இழுத்து ஒட்டும் கிறீச்சென்ற ஓசை. கைவண்டிகளில் மூட்டைகள் போய்க்கொண்டே இருக்கின்றன. கடைக்காரர்களில் பலர் சாவ்ஷான் பிரதேசத்தார்; முன்னாளில் கப்பலேறிச் சிங்கப்பூரிலும் சயாமிலும் வியாபாரம் செய்த அதே கூட்டத்தார். சிங்கப்பூரில் தியோச்சூ வியாபாரிகளோடு பழகிய நம்மவர்களுக்கு இந்தப் பேரம் பேசும் வழக்கம் புதிதன்று.

நம் நாட்டுப் பிரயாணிக்குத் தனியாக ஒரு சங்கடம் உண்டு. இங்கே காசோ நோட்டோ எடுப்பவர்கள் அருகிவிட்டார்கள். ஒரு சதுரக் குறியைக் கைப்பேசியால் படம் பிடித்துப் பணம் செலுத்துகிறார்கள். வீசாட், அலிபே என்ற இரண்டு வழிகள்தாம் எங்கும் செல்லுகின்றன. அந்நிய நாட்டு வங்கி அட்டைகளையும் இவற்றோடு இணைக்க 2023 முதல் வசதி செய்திருக்கிறார்கள். ஆனால் வீசாட்டை நம் சர்க்கார் 2020 ஜூனில், லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் நம் வீரர்கள் 20 பேர் உயிர் நீத்த மாதத்திலேயே, தடை செய்தது. கடைக்காரன் தன் முகவரியாகக் கொடுப்பது அந்த வீசாட் குறியையே! எல்லைப் பூசலின் ஒரு நுனி இப்படி ஒரு ரெஸிஸ்டர்க் கடையின் முன்னே வந்து நிற்கிறது. கூகிளும் அங்கே திறக்காது; வழிகாட்டும் படத்தையும் மொழிபெயர்க்கும் கருவியையும் புறப்படுமுன்பே ஏற்பாடு செய்துகொள்ளாதவர் சைகையால்தான் காலம் தள்ள வேண்டும். பன்னி ஹுவாங் என்ற அமெரிக்கப் பொறியியல் அறிஞர், சீன மொழி அறியாதவர்கள் விரலால் சுட்டிக் காட்டியே சாமான் வாங்கும்படி ஒரு கைப்புத்தகத்தை 2016-ல் வெளியிட்டார் என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம்.

போலிச் சரக்கைப்பற்றிச் சொல்லாமல் விட்டால் நேயர்கள் நம்மை மன்னியார். போலிகள் ஏராளம். சிறிய கொள்ளளவுள்ள நினைவுச் சில்லை, பெரியதென்று கம்ப்யூட்டரையே நம்பவைக்கும்படி செய்து விற்கிறார்கள். பழைய போர்டுகளிலிருந்து கழற்றிய ஐ.சி.க்களைக் கழுவி, மேற்பரப்பைத் தேய்த்து, புதிய எண் பொறித்துப் புதியதென்கிறார்கள். உலகத்துக் குப்பைக் கம்ப்யூட்டர்களெல்லாம் போய்ச் சேர்ந்த குய்யூ என்ற ஊர் இதே சாவ்ஷான் பிரதேசத்தில்தான் இருக்கிறது; அங்கே உருக்கிக் கழற்றிய சில்லுகள் பல இங்கே வந்து விலையாயின. ஆப்பிள் கம்பெனியின் காதுக் கருவிகளைப்போலச் செய்த போலிகளைச் சீன மக்களே 'ஹுவாசியாங்பெய்' என்று கேலியாக அழைக்கிறார்கள். ஒரு வீதியின் பெயர் போலிக்கே பெயராகிவிட்டது!

ஆயினும் இதனைத் திருடர் சந்தை என்று சொல்லி முடித்துவிடுவோர் விஷயத்தின் மறு பாதியைக் காணாதவர்கள். 2005-ம் ஆண்டையொட்டி இங்கே 'ஷான்ஜாய்' கைப்பேசிகள் பெருகின. ஷான்ஜாய் என்றால் மலைக்கோட்டை. சர்க்காருக்கு அடங்காதவர்கள் பதுங்கும் இடம். தைவான் நாட்டு மீடியாடெக் கம்பெனி, கைப்பேசிக்கு வேண்டிய சில்லையும் அதை நடத்தும் மென்பொருளையும் ஒன்றாகச் சேர்த்து விற்கத் தொடங்கியதும், பத்துப் பேர் கொண்ட பட்டறைகூடச் சில மாதத்தில் ஒரு கைப்பேசி செய்துவிட முடிந்தது. முதலில் பெரிய கம்பெனிகளின் சரக்கைப் பார்த்துச் செய்தார்கள். பிறகு ஏழைகளுக்கு வேண்டியது எதுவென்று கேட்டுச் செய்தார்கள்: இரண்டு சிம், நாட்கணக்கில் தாங்கும் பேட்டரி, சந்தை இரைச்சலிலும் கேட்கும் ஒலிபெருக்கி. நம் நாட்டிலும் அவை வெள்ளமாக வந்தன. முறையான அடையாள எண் இல்லாத கருவிகளை 2009 டிசம்பர் 1 முதல் துண்டிக்கும்படி நம் சர்க்கார் உத்தரவிட்டது நேயர்களில் பலருக்கு நினைவிருக்கும். வரைபடங்களைப் பூட்டி வைக்காமல் ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்துத் திருத்திப் பழகிய அந்தப் பட்டறைக்காரர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போகாமலே பொறியியல் கற்றார்கள். 2017-ல் ஸ்காட்டி ஆலன் என்ற அமெரிக்கர் இந்த வீதியில் வாங்கிய உதிரிச் சாமான்களைக் கொண்டே ஓர் ஐபோனைப் பூட்டி இயக்கிக் காட்டினார். திரை, பேட்டரி, போர்டு, மேல்கூடு, திருகாணி வரை எல்லாம் நடை தூரத்தில் கிடைத்தன. உலகில் வேறு எந்த ஊரில் இது நடக்கும்?

இந்தத் திறமைக்குக் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். வீதியின் கண்ணாடிப் பெட்டிகளுக்குப் பின்னால் இருப்பது தொழிற்சாலை வரிசை; அங்கே வேலை செய்வோரில் மிகப் பலருக்கு இந்நகரத்தின் குடியுரிமைப் பதிவு கிடையாது. 2010-ல், லோங்ஹுவாவில் உள்ள ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையில், பத்துக்கும் மேற்பட்ட இளந்தொழிலாளர்கள் ஒருவர் பின் ஒருவராக மாடியிலிருந்து குதித்து மாண்டார்கள். கம்பெனி சம்பளத்தை உயர்த்தியது. கட்டடத்தைச் சுற்றி வலையும் கட்டியது. வலை கட்டிய செய்தியைப் படித்தபொழுது நமக்கு உண்டான அருவருப்பு இன்னும் நீங்கவில்லை. சுதந்திரமான தொழிற்சங்கம் இல்லாத நாட்டில் வலைதான் மிஞ்சும்.

வீதியும் பழையபடி இல்லை. சுரங்க ரயில் வேலைக்காக 2013-ல் மூடி, 2017 ஜனவரியில் நடப்போருக்கு மட்டும் என்று திறந்தார்கள். அதற்குள் இணைய வழி வியாபாரம் பாதி வாடிக்கையை இழுத்துக்கொண்டது. கைப்பேசி விற்ற ஒரு கட்டடம் முழுதும் முகப்பூச்சுச் சாமான்கள் விற்கும் இடமாயிற்று. பிட்காயின் யந்திரங்கள் மலைபோல் குவிந்தன. 2021-ல் சர்க்கார் தடை செய்ததும் மறைந்தன. உயர்ந்த ரகச் சில்லுகளைச் சீனத்துக்கு விற்கக்கூடாதென்று அமெரிக்கா 2022-ல் தடுத்தபின், அவையும் இங்கே திரைமறைவில் கைமாறியதாகப் பத்திரிகைகள் எழுதின.

கல்வான் சம்பவத்தின்போது நம் ஊர்களில் சீனச் சாமான்களைத் தெருவில் போட்டு உடைத்தார்கள். அவர்களுடைய கோபத்தை நாம் குறை கூறவில்லை. ஆனால் உடைத்த காட்சியைப் படம் பிடித்த கைப்பேசி எங்கிருந்து வந்தது? ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை 2006-ல் தொடங்கி 2014-ல் மூடியது. இன்று அதே வட்டாரத்தில் ஐபோன்கள் பூட்டப்படுகின்றன. பூட்டுவது நம் பெண்கள். உள்ளே வைக்கும் சாமான்களில் பெரும் பகுதி இன்னும் சீனத்திலிருந்தே வருகிறது. 2025 ஜூலையில், நம் நாட்டுத் தொழிற்சாலைகளிலிருந்து சீனப் பொறியியலாளர்கள் திரும்ப அழைக்கப்பட்டதாகச் செய்தி வந்தபொழுது இந்த உண்மை பளிச்சென்று தெரிந்தது. உதிரிச் சாமான்களை இங்கேயே செய்வதற்கென்று மத்திய சர்க்கார் அதே ஆண்டு மார்ச்சில் 22,919 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை அங்கீகரித்திருக்கிறது. பணம் பெரிய கம்பெனிகளுக்குப் போகும், போகட்டும். ஐயாயிரம் ரெஸிஸ்டர் வேண்டும் என்று ஒரு சிறு பட்டறைக்காரன் கேட்டால் அன்று மாலையே அவன் கையில் கொடுக்கும் கடை அத்திட்டத்தில் எங்கே வருகிறது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

கைப்பேசி பழுதுபார்க்கும் கலையைக் கற்பிக்கும் சிறு பள்ளிகளும் ஹுவாசியாங்பெய்யில் இருக்கின்றன. மைக்ராஸ்கோப்பின் கீழே போர்டை வைத்து, சூடான காற்றால் ஐ.சி.யைத் தூக்கி, ஈயக் குண்டுகளைத் திரும்பப் பதித்து அமர்த்துகிறார்கள். அந்நிய நாட்டு இளைஞர்களும் கட்டணம் செலுத்தி வந்து பயில்கிறார்கள். பாடம் முடிந்தவுடன் கருவிகளை வாங்க அவர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை; படி இறங்கினால் கடை.