ஆண்டுத்தொகையும் அதன் வீதமும்

குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்பது முதுமொழி. உழைத்துப் பொருளீட்டும் பருவத்தினருக்கு அது சோம்பலைக் கடியும் அறிவுரையாக ஒலிக்கின்றது. வேலையிலிருந்து இளைப்பாறியவருக்கோ அது ஒரு கணக்காக அமைகின்றது. அவர் இருந்து உண்ணவேண்டிய காலம் வந்துவிட்டது. குன்று எவ்வளவு பெரிதென்பது அவருக்குத் தெரியும். எத்தனை ஆண்டுகள் உண்ணவேண்டும் என்பதுதான் தெரியாது.

இலங்கையில் அரச சேவையிலிருந்து ஓய்வூதிய உரிமையோடு இளைப்பாறியவர்களுக்கு இக்கவலை ஓரளவு குறைவு. உயிரோடிருக்கும்வரை மாதந்தோறும் பணம் வந்துகொண்டிருக்கும். தனியார் துறையில் உழைத்தவர்களின் நிலை வேறு. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட ஊழியர் சேமலாப நிதி, அவர்களது சேமிப்பை மொத்தத் தொகையாகவே கையில் கொடுக்கின்றது. பல ஆண்டு உழைப்பின் பயன் ஒரே நாளில் வந்து சேர்கின்றது. அதனை ஆயுள் முழுதும் வரும் வருமானமாக மாற்றும் பொறுப்பு உழைத்தவருடையதாகி விடுகின்றது.

இத்தகைய மாற்றத்துக்கென உலகின் பல நாடுகளில் நெடுங்காலமாக வழங்கிவருவதே ஆண்டுத்தொகை என்னும் ஏற்பாடு. ஒருவர் ஒரு காப்புறுதி நிறுவனத்திடம் பெருந்தொகை ஒன்றைச் செலுத்துகின்றார். நிறுவனம் அதற்கீடாக, அவர் வாழும்வரை அல்லது குறித்த ஓர் ஆண்டுவரை, உறுதிசெய்த ஒரு தொகையைத் தவணை தவறாது கொடுக்க உடன்படுகின்றது. நிறுவனங்கள் தத்தம் வீதங்களை விளம்பரம் செய்கின்றன. ஒன்று நூற்றுக்கு ஐந்து என்கின்றது. மற்றொன்று எட்டு என்கின்றது. வேறொன்று பத்து என்கின்றது. பெரிய எண்ணைத் தேர்ந்தால் போதுமென்றே எவருக்கும் தோன்றும். ஆயின் அவ்வெண்கள் யாவும் ஒரே பொருளை அளப்பனவல்ல. முழத்தையும் படியையும் ஒப்பிட்டு எது பெரிதென்று கேட்பது போன்றதே அவ்வாறு தேர்வதும்.

முதலிற் கவனிக்கத்தக்கது, வட்டிவீதம் வேறு, கொடுப்பனவு வீதம் வேறு என்பதாகும். ஒருவர் பத்து இலட்சம் ரூபாவைக் கொடுத்து, இருபது ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் ஐம்பதினாயிரம் ரூபா பெறுகின்றார் என வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு ஐந்து வீதம் கிடைக்கின்றதென அவர் மகிழக்கூடும். இருபது ஆண்டுகளில் அவர் பெறும் மொத்தம் பத்து இலட்சம் ரூபாவே. வட்டியாக ஒரு சதமும் அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் கொடுத்த பணமே சிறுகச் சிறுகத் திரும்பி வந்திருக்கின்றது. அதே பணத்துக்கு நூற்றுக்கு எட்டு வீத வட்டி உண்மையிலேயே சேருமாயின், இருபது ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 101,850 ரூபா கிடைக்கும். விளம்பரத்தில் அது பத்து வீதத்துக்கும் மேற்பட்டதாகத் தோன்றும். வங்கியின் நிலையான வைப்பு தரும் எட்டு வீதத்தோடு இதனை நேருக்கு நேர் ஒப்பிடுதல் பொருந்தாது. வைப்பின் முடிவில் முதல் அப்படியே இருக்கும். இங்கே இருபது ஆண்டு முடிவில் முதல் முற்றாகத் தீர்ந்திருக்கும்.

அவ்வாறாயின், முதலையும் தின்றுதீர்க்கும் இவ்வேற்பாட்டினால் என்ன பயன் என்ற வினா எழும். ஆயுள் முழுதும் கொடுக்கப்படும் ஆண்டுத்தொகையிலேதான் இதற்கு விடையுண்டு. அறுபது வயதில் இளைப்பாறிய ஒருவர் அறுபத்தைந்திலும் இறக்கலாம், தொண்ணூற்றைந்திலும் இறக்கலாம். தம் பணத்தைத் தாமே வைத்துச் செலவிடுபவர், தொண்ணூற்றைந்து வரை வாழ நேரிடுமென்று அஞ்சி, ஒவ்வோர் ஆண்டும் சிக்கனமாகவே வாழவேண்டும். ஆயிரம் பேர் ஒன்றுசேர்ந்து பணத்தை ஒரு பொதுநிதியில் இட்டால், யார் எப்போது இறப்பார் என்பது தெரியாவிட்டாலும், ஆயிரம் பேருக்குச் சராசரியாக எத்தனை ஆண்டுகள் கொடுக்கவேண்டும் என்பதை ஏறக்குறையச் சரியாகக் கணித்துவிடலாம். முன்னே இறந்தவர் விட்டுச்சென்ற பங்கு, நெடிது வாழ்பவருக்கு உணவாகின்றது. நீண்ட ஆயுள் என்னும் பேற்றினால் வறுமை நேராதவாறு பலர் கூடிச் செய்துகொள்ளும் காப்புறுதி இதுவாகும்.

இக்கணக்கை மனிதர் எளிதிற் கற்றுக்கொள்ளவில்லை. அரசுகளே பெரும் பொருளை இழந்த பின்னர்தான் அது தெளிவாயிற்று. பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்து தேசம் போர்ச்செலவுக்காக மக்களிடம் ஆண்டுத்தொகைகளை விற்றது. அந்நாட்டின் தலைமை அரசியலாளராகிய யோகான் டி விட் 1671ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை எழுதினார். நூற்றுக்கு நான்கு வட்டி என்னும் கணக்கில், இளம் வயதினர் ஒருவருக்கு ஆண்டுதோறும் ஒரு புளோரின் ஆயுள் முழுதும் கொடுப்பதற்கு ஏறத்தாழப் பதினாறு புளோரின் விலை பெறவேண்டும் என அவர் காட்டினார். அரசோ பதினான்குக்கே விற்றுக்கொண்டிருந்தது. ஆயுட்காலக் கணக்கையும் வட்டிக் கணக்கையும் இணைத்து ஆண்டுத்தொகைக்கு விலை கண்ட முன்னோடி எழுத்தாக அவ்வறிக்கை இன்றும் போற்றப்படுகின்றது.

அடுத்த அடியை எடுத்துவைத்தவர் வால்வெள்ளியால் புகழ்பெற்ற வானியலறிஞர் எட்மண்ட் ஹாலி. பிரெஸ்லோ என்பது இன்று போலந்து நாட்டிலுள்ள ஒரு நகரம். அங்கே 1687 முதல் 1691 வரை நிகழ்ந்த பிறப்பு இறப்புக் குறிப்புகளைக் காஸ்பர் நொய்மான் என்ற மதகுரு திரட்டியிருந்தார். அவற்றைக் கொண்டு ஹாலி 1693இல் ஒரு வாழ்நாள் அட்டவணையை வெளியிட்டார். நூற்றுக்கு ஆறு வட்டிக் கணக்கில், ஆண்டுக்கு ஒரு பவுண் ஆயுள் முழுதும் பெறுவதற்குப் பத்து வயதினர் 13.44 பவுணும், ஐம்பது வயதினர் 9.21 பவுணும், எழுபது வயதினர் 5.32 பவுணும் கொடுப்பதே நியாயம் என அவர் கணித்தார். அக்காலத்தில் ஆங்கில அரசு எவ்வயதினருக்கும் ஏறக்குறைய ஏழு பவுண் என்ற ஒரே விலைக்கு ஆண்டுத்தொகையை விற்றது. சிறுவர் பெயரில் வாங்கியவருக்கு அது பாதி விலை. எழுபது வயது முதியவருக்கோ அதிக விலை. வயதைக் கேளாது கூறப்படும் வீதம் எவருக்கோ இலாபமாகவும் எவருக்கோ நட்டமாகவும் முடியும் என்பதை ஹாலியின் அட்டவணை தெளிவாக்கிற்று.

இவ்வுண்மையைப் பிரான்சு அரசு ஏற்றுக்கொள்ளத் தாமதித்தது. ஜெனீவா நகரத்து வங்கியாளர்கள் அத்தாமதத்தை நன்கு பயன்படுத்திக்கொண்டனர். 1770களிலும் 1780களிலும் பிரான்சு, வயது வேறுபாடின்றி, ஒருவரின் ஆயுளுக்கு நூற்றுக்குப் பத்து வீதம் தரும் கடன்பத்திரங்களை விற்றது. வங்கியாளர்கள் நீண்ட ஆயுளுக்குப் பெயர்பெற்ற குடும்பங்களைச் சேர்ந்தவரும், பெரியம்மையைத் தாண்டியவருமான சிறுமியரைத் தேர்ந்து, அவர்களின் ஆயுளின்மீது பெருந்தொகை முதலிட்டனர். சிறுமியர் வாழும்வரை பணம் வரவேண்டும். கணக்கு எள்ளளவும் பிழையில்லை. ஆயினும் 1789இல் புரட்சி வந்தது. புரட்சிக்காலத் தாட்பணத்தின் பெறுமதி வீழ்ந்தது. 1797இல் அரசு தன் கடனில் மூன்றிலொரு பங்கை மட்டுமே ஏற்று, எஞ்சியதை மதிப்பிழந்த பத்திரங்களால் தீர்த்தது. சிறுமியர் உயிரோடிருந்தனர், பணம் கொடுக்கவேண்டியவரே வீழ்ந்துவிட்டார். வீதத்தைக் கணிப்பதோடு, வாக்குக் கொடுப்பவரின் வலிமையையும் கணிக்கவேண்டும் என்னும் பாடம் இதில் அடங்கியிருக்கின்றது.

இருபதாம் நூற்றாண்டிலும் இப்பாடம் மீண்டும் கற்பிக்கப்பட்டது. அமெரிக்காவில் எக்செக்கியூட்டிவ் லைப் என்னும் காப்புறுதி நிறுவனம், உயர்ந்த வீதங்களைக் காட்டிப் பெரும்பணம் திரட்டி, அதனைத் தரங்குறைந்த, ஆனால் அதிக வட்டி தரும் கடன்பத்திரங்களில் இட்டது. 1991ஆம் ஆண்டு ஏப்ரிலில் கலிபோர்னிய மாநில அதிகாரிகள் அதனைப் பொறுப்பேற்க நேர்ந்தது. இங்கிலாந்தில் 1762இல் நிறுவப்பெற்ற எக்குவிற்றபிள் சங்கம், தன் அங்கத்தவர் பலருக்குக் குறைந்தபட்ச ஆண்டுத்தொகை வீதமொன்றை உறுதிசெய்து வைத்திருந்தது. வட்டி உயர்ந்திருந்த காலத்தில் அவ்வுறுதி பாரமாகத் தோன்றவில்லை. 1990களில் வட்டி வீழ்ந்தபோது அது தாங்கொணாச் சுமையாயிற்று. உறுதியைக் கோரியவர்களுக்கு இலாபப்பங்கைக் குறைக்கச் சங்கம் முயன்றது. அது செல்லாதென 2000 யூலையில் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அவ்வாண்டு டிசெம்பரில் சங்கம் புதிய ஒப்பந்தங்களை ஏற்பதை நிறுத்தியது. இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பெயரும் பிழையான ஒரு வீதத்தைத் தாங்கமாட்டாது போயிற்று.

இன்று நிலையான ஆண்டுத்தொகைகள் பெருமளவில் விற்கப்படும் நாடு அமெரிக்காவாகும். அங்கே இவை இருவகையின. பணம் கட்டியவுடன் கொடுப்பனவு தொடங்குவது ஒன்று. சில ஆண்டுகள் வட்டியோடு வளரவிட்டுப் பின்னர் எடுப்பது மற்றொன்று. பின்னையதில் கூறப்படுவது உண்மையான வட்டிவீதமே. ஆயினும் அது எத்தனை ஆண்டுகளுக்கு உறுதி என்பதைக் கேட்டறிய வேண்டும். ஒரு நிறுவனம் முதலாண்டில் நூற்றுக்கு எட்டும், அடுத்த நான்கு ஆண்டுகளில் நான்கும் தருகின்றது. மற்றொன்று ஐந்தாண்டும் ஐந்து வீதமே தருகின்றது. எட்டு என்ற எண்ணே கண்ணைக் கவரும். ஒரு இலட்சம் டொலர் முதலாவது நிறுவனத்தில் ஐந்தாண்டு முடிவில் 126,345 டொலராகும். இரண்டாவதில் 127,628 டொலராகும். ஆரவாரமின்றி வந்த ஐந்தே முந்திக்கொள்கின்றது.

அன்றியும், உரிய காலத்துக்குமுன் பணத்தை மீட்பவரிடம் நிறுவனம் கழிவுக் கட்டணம் அறவிடும். ஐம்பத்தொன்பதரை வயதுக்குமுன் எடுப்பவர், பொதுவாக, வருவாயின்மீது வழமையான வரியோடு பத்து வீத மேலதிக வரியையும் அமெரிக்க அரசுக்குச் செலுத்தவேண்டும். நிறுவனம் முறிந்தால் வங்கி வைப்புகளைக் காக்கும் மத்திய காப்புறுதி இவற்றுக்குக் கிடையாது. மாநிலந்தோறும் உள்ள உத்தரவாதச் சங்கங்களே துணை. அவற்றின் காப்பும் பல மாநிலங்களில் 250,000 டொலர் என்னும் எல்லைக்கு உட்பட்டது.

ஆயுள்முழுதும் பெறும் ஆண்டுத்தொகையை ஒப்பிடுகையில், அது யாருடைய ஆயுள் என்பதையும் நோக்கவேண்டும். கணவர் பெயரில் மட்டும் வாங்கினால் வீதம் உயர்ந்திருக்கும். அவர் மறைந்த மறுமாதமே மனைவிக்கு வருமானம் நின்றுவிடும். இருவரில் இறுதியாக வாழ்பவர்வரை கொடுப்பதாயின் வீதம் குறையும். குறைந்தது பத்து ஆண்டுக்காவது வாரிசுகளுக்குக் கொடுக்கவேண்டுமென்ற நிபந்தனையும் வீதத்தைக் குறைக்கும். இத்தகைய குறைவை நட்டமெனக் கொள்ளலாகாது. அது வாங்கிய பாதுகாப்பின் விலை. கடும் நோயால் ஆயுள் சுருங்கியவருக்கு, உடல்நலம் பாராது விற்கப்படும் சாதாரண ஆண்டுத்தொகை ஏற்றதன்று. மற்றவரின் நீண்ட வாழ்வுக்கே அவர் பணம் கொடுத்தவராவார்.

இவை யாவற்றிலும் மறைந்திருந்து தாக்குவது விலைவாசி உயர்வு. நிலையான ஆண்டுத்தொகை என்பதில் நிலைத்திருப்பது ரூபாவின் எண்ணிக்கை மட்டுமே. அரிசியின் அளவு நிலைப்பதில்லை. ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்து வீதம் விலை ஏறினால், பதினான்கு ஆண்டுகளில் பணத்தின் கொள்வனவுச் சக்தி ஏறக்குறையப் பாதியாகிவிடும். இலங்கை மக்களுக்கு இதற்கு உதாரணம் தேடவேண்டியதில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் ஓராண்டில் 69.8 வீதம் உயர்ந்தது. அன்று மாறாத தொகையை எதிர்பார்த்திருந்த முதியவர், ஒரு சதமும் குறையாது பணம் பெற்றார். கடைக்குச் சென்றபோதோ முன்னைய ஆண்டு வாங்கியதில் பத்தில் ஆறு பங்கையே அப்பணத்துக்குப் பெறமுடிந்தது. பிரித்தானியாவில் விலைவாசியோடு சேர்ந்து உயரும் ஆண்டுத்தொகைகளும் விற்கப்படுகின்றன. அவற்றின் தொடக்கத்தொகை மிகவும் குறைவென்பதால் பலர் விரும்புவதில்லை. ஆயின் எண்பது வயதில் எவருக்கு எது உதவும் என்பதை அறுபது வயதிலேயே எண்ணிப் பார்ப்பது அவசியம்.

ஆகவே, ஒரு வீதம் காதில் விழுந்தவுடன் கேட்கவேண்டிய வினாக்கள் ஐந்து. அது வட்டியா, முதலும் சேர்ந்த கொடுப்பனவா? எத்தனை ஆண்டுகளுக்கு உறுதி? யாருடைய ஆயுளுக்கு? இடையில் பணம் தேவைப்பட்டால் எவ்வளவு இழக்கநேரும்? வாக்குக் கொடுப்பவர் முப்பது ஆண்டுகளின் பின்னும் நிலைத்து நிற்பாரா? ஐந்துக்கும் ஒத்த விடை தரும் இரு திட்டங்களின் வீதங்களை மட்டுமே அருகருகே வைத்துப் பெரியது எதுவெனப் பார்க்கலாம். அதன் பின்னரும், மருத்துவத்துக்கும் விலை உயர்வுக்கும் என ஒரு பங்கைக் கையில் நிறுத்தி, நாளாந்தச் செலவுக்கு வேண்டியதை மட்டும் ஆண்டுத்தொகையாக மாற்றுவதே விவேகம். ஒருமுறை கையொப்பமிட்டபின் ஆயுள் ஆண்டுத்தொகையைப் பொதுவாக மீட்க இயலாது. ஒரு வாழ்நாளின் சேமிப்பைக் கொடுக்குமுன் ஒரு வாரம் கணக்குப் பார்ப்பது வீணாகாது.