மரவள்ளிக் குருத்து வெளுத்தல்: காரணம் அறியும் வகை

தர்மபுரி ஜில்லாவில் தை, மாசி மாதங்களில் இறவையில் நட்ட மரவள்ளி, சித்திரை பிறக்கும் சமயத்தில் முழங்காலளவைக் கடந்து நிற்கும். அக்காலத்தில் குருத்திலைகள் மட்டும் மஞ்சளித்து வெளுக்கக் காணும் குடியானவர்கள் கலக்கமுற்று, அவ்விலைகளில் ஒன்றைக் கிள்ளி மடியில் முடிந்துகொண்டு மருந்துக் கடைக்குச் செல்வது வழக்கமாயிருக்கிறது. அங்கே பூச்சி மருந்தொன்றும், பூசண மருந்தொன்றும், ஊக்க மருந்தொன்றும் சேர்த்துக் கொடுக்கப்படும். இம்மூன்றில் ஒன்றேனும் பயன்படுமா என்பது காரணம் இன்னதென்று அறிந்த பின்னரே சொல்லத்தக்கது. கிள்ளிய இலை ஒன்றைக் கொண்டு அதை அறிதல் எளிதன்று; செடியை முழுதும் பார்த்தல் வேண்டும்.

முதலாவதாகக் கவனிக்க வேண்டுவது, நிறமாறுதல் அடியிலையில் தொடங்கியதா, குருத்தில் தொடங்கியதா என்பதே. தழைச்சத்து, சாம்பல்சத்து, மக்னீசியம் ஆகியவை குறைவுபட்டால், செடியானது முதிர்ந்த இலைகளிலுள்ளதை எடுத்துக் குருத்துக்கு அனுப்பிக் கொள்ளும். ஆதலால் அச்சத்துக்களின் குறைவு பெரும்பாலும் கீழிலைகளில் முந்தித் தெரியும். இரும்புச்சத்தும் துத்தநாகச்சத்தும் அவ்வாறு எளிதில் இடம் பெயர மாட்டா. அவற்றின் குறைவு குருத்திலேயே காணும். குருத்து வெளுத்திருக்கக் கண்டு யூரியாவை மேன்மேலும் இடுவோர் இதை மனத்திற்கொள்ளல் நலம்.

சில ரகங்களில் குருத்து இயல்பாகவே செம்பு நிறமாகவோ ஊதா நிறமாகவோ இருக்கும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மூன்றாவது நான்காவது இலை விரியும்போது அந்நிறம் தானே மாறிப் பச்சையாகிவிடும். புதிய ரகம் நட்டவர்கள் இதனை நோயென்று கருதி என்னை அழைத்த சந்தர்ப்பங்கள் பல உண்டு.

இனி இரும்புச்சத்துக் குறைவைப் பற்றிச் சற்று விரிவாய்ச் சொல்வேன். குருத்திலையின் நரம்புகள் பச்சையாகவும், நரம்புகளுக்கு இடைப்பட்ட பாகம் மஞ்சளாகவும் இருக்கும். குறைவு முற்றினால் இலை முழுதும் காகிதம் போல வெளுத்துவிடும். ஆயினும் இலையின் வடிவம் கெடாது. விரல்கள் போன்ற அதன் பிரிவுகள் முறுக்கிக்கொள்வதில்லை. இக்குறைவு சுக்கான்கல் கலந்த நிலங்களில் மிகுதி. அந்நிலத்தில் இரும்பு இல்லாமலில்லை. நம் செம்மண்ணின் நிறமே இரும்பினால் வந்ததுதான். சுண்ணாம்பு மிகுதியால் அவ்விரும்பு கரையாமல் நின்று, வேருக்கு எட்டாமற் போகிறது. கிணற்று நீர் உப்பும் சவருமாயிருந்து, அதையும் வாரத்திற்கு இரண்டு முறை நிறையப் பாய்ச்சினால் குறைவு இன்னும் மிகும். நிலத்திற் சுண்ணாம்பு உண்டா என்று அறிய, ஒரு பிடி மண்ணின்மேல் புளித்த காடியைச் சிறிது ஊற்றிப் பார்க்கலாம். நுரைத்துப் பொங்கினால் உண்டென்று அறிக.

துத்தநாகக் குறைவில் குருத்திலைகள் சிறுத்துக் குறுகி, நரம்புகளுக்கிடையே வெண்மையான திட்டுக்கள் தோன்றும். சுண்ணாம்பு நிலத்தில் இவ்விரண்டும் கூடியே வருவதுமுண்டு. மணிச்சத்து உரத்தை அளவுக்கு மேல் இட்ட நிலங்களிலும் இதைக் காணலாம்.

தேமல் நோய் இவற்றினின்றும் வேறானது. இதற்குக் காரணம் வைரஸ் என்னும் நுண்பொருள். வெள்ளை ஈ அதைச் செடிக்குச் செடி கொண்டு செல்கிறது; நோயுற்ற கரணையோ அதை ஊருக்கு ஊர் கொண்டு செல்கிறது. தேமல் இலையில் மஞ்சளும் பச்சையும் ஒழுங்கின்றித் திட்டுத்திட்டாய்க் கலந்திருக்கும். இலையின் ஒரு பாதி மற்றப் பாதியை ஒத்திராது. பிரிவுகள் முறுக்கிச் சுருங்கியிருக்கும். கரணை துளிர்த்த முதலிலையிலேயே தேமல் இருந்தால் நோய் கரணையோடு வந்ததென்றும், கீழிலைகள் சுத்தமாயிருந்து மேலே மட்டும் காணின் வெள்ளை ஈயால் வந்ததென்றும் அறியலாம்.

இவ்வேற்றுமையை நான் தவறு செய்தே கற்றேன். உத்தியோகத்திற் சேர்ந்த புதிதில், பென்னாகரம் பக்கத்து ஒரு தோட்டத்தில் வெளுத்த குருத்துக்களைச் சாலையில் நின்றே பார்த்துத் தேமலென்று சொல்லி, இரண்டு பாத்திச் செடிகளைப் பிடுங்கச் செய்தேன். தோட்டக்காரர் வயதில் மூத்தவர். என் சொல்லைத் தட்டவில்லை. ஆனால் வரப்போரத்தில் ஒரு வரிசையை மட்டும் மனமின்றி விட்டுவைத்து, எவரோ சொல்லக் கேட்டு அன்னபேதி கரைத்துத் தெளித்திருந்தார். மறுமுறை நான் சென்றபோது அவ்வரிசை பச்சையாக நின்றது. அவர் என்னை ஒரு வார்த்தையும் கடிந்து சொல்லவில்லை. அதுவே எனக்கு மிகவும் வருத்தமாயிருந்தது.

அன்றுமுதல் நான் கையாளும் பரீக்ஷை பின்வருவது. 1 லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி உப்பும், 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து, வெளுத்த செடியொன்றில் ஒரு கிளையின் குருத்தை மட்டும் மாலை வேளையில் நன்றாய் நனைத்து, அக்கிளையில் ஒரு நூலைக் கட்டிவைக்க வேண்டும். ஒரு வாரம், பத்து நாளில் அக்கிளை மட்டும் பசுமை திரும்பினால் இரும்புக் குறைவே காரணமென்று தெளியலாம். பிறகு அக்கரைசலையே வயல் முழுதும் 10 நாட்களுக்கு ஒரு முறையாக இரண்டு அல்லது மூன்று தடவை தெளித்தால் போதும். துத்தநாகக் குறைவும் காணின், அதற்குரிய துத்தநாக சல்பேட்டை வேறொரு நாளில் தனியே தெளித்தல் நலம். கரைசல் பழுப்பேறுமுன் அன்றைக்கன்றே உபயோகித்துவிட வேண்டும். சுண்ணாம்பு நிலத்தில் அன்னபேதியை மண்ணில் தூவுவது பணத்தைத் தூவுவதேயாகும். நிலத்திலுள்ள இரும்பைப் போல அதுவும் கட்டுண்டு போம். தண்ணீர் விடுவதையும் குறைத்தல் வேண்டும்.

தேமலுக்கோ, நோயுற்ற செடியைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. இளஞ்செடியாயிருப்பின் பிடுங்கி அகற்றுதலும், அறுவடைக்கு முன்பே, இலை நிற்கும் காலத்திலேயே சுத்தமான தாய்ச்செடிகளுக்கு அடையாளமிட்டு அவற்றினின்றே கரணை எடுத்தலும்தான் வழி. கரணைகளை நெருக்கமாய் நாற்றங்காலில் ஊன்றி, 20 முதல் 25 நாள் வரை பார்த்துத் தேமல் கண்டவற்றைக் கழித்து மற்றவற்றை நடுவதும் நல்ல முறை. 1963-ல் ஏற்பட்ட திருவனந்தபுரம் மத்தியக் கிழங்குப்பயிர் ஆராய்ச்சி நிலையத்தார் வெளியிட்ட ஸ்ரீ பத்மநாபா, ஸ்ரீ ரக்ஷா ஆகிய ரகங்கள் தேமலைத் தாங்குவன. நம் பக்கத்தில் மிகுதியாய்ப் பயிராகும் எச் 226 எளிதில் நோய்க்கு இடங்கொடுப்பது.

குருத்து வெளுப்பதோடு கணுக்கள் நெருங்கி, இலைகள் கொத்தாய்ச் சுருண்டு, உள்ளே மாவு பூத்தாற்போலிருந்தால் அது மாவுப்பூச்சி. இது தென் அமெரிக்காவிலிருந்து 1970-களில் ஆப்பிரிக்காவிற் புகுந்து பெருஞ்சேதம் விளைத்தது. இந்தியாவில் 2020-ல் கேரளத்தில் முதலிற் காணப்பட்டு, நம் பக்கங்களிலும் பரவிற்று. ஆப்பிரிக்காவில் இதை அடக்கியது மருந்தன்று. அனகைரஸ் லோபெஸி என்னும் சிறு குளவியே. அக்குளவியைப் பெங்களூர் ஆராய்ச்சி நிலையத்தார் பெனின் நாட்டிலிருந்து தருவித்து வளர்த்து, 7-3-2022 அன்று சேலம் ஜில்லா ஏத்தாப்பூரில் வெளிவிட்டனர். கடும்பூச்சி மருந்து தெளித்தால் குளவி முந்தி மடியும். மெழுகுப் போர்வைக்குள்ளிருக்கும் பூச்சி தப்பிவிடும். சுருண்ட கொழுந்துகளைக் கிள்ளிச் சாக்கில் போட்டுக் கொண்டுபோய் எரித்தலே முதற் காரியம்.

ஓரத்து வரிசைகள் மட்டும், காற்றடித்த பக்கமாய் வெளுத்துக் குறுகியிருந்தால், அண்டை வயலில் களைக்கொல்லி தெளித்தார்களா என்று விசாரிக்க. களைக்கொல்லி தெளித்த அதே தெளிப்பானைக் கழுவாமல் உபயோகித்தவர்களும் உண்டு.

கிராம நிர்வாக அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். பயிர்ச் சேதத்தைப் பார்வையிடும்போது, வெளுத்ததையெல்லாம் தேமலென்று எழுதாமல், கிளையில் நூல் கட்டிப் பரீக்ஷித்தார்களா என்று கேட்டறிதல் நலம். வெளியூரிலிருந்து லாரியில் கரணை வந்திறங்கினால், தோட்டக்கலை இலாகா ஊழியருக்கு அன்றே தெரிவித்தால், நடுமுன் மாவுப்பூச்சியையாவது பார்த்துவிடலாம். சந்தேகமுள்ளவர்கள் வேரோடு பிடுங்கிய ஒரு செடியையும், அது நின்ற இடத்து மண் ஒரு படியையும், கிணற்றுத் தண்ணீர் ஒரு பாட்டிலையும் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திற்குக் கொண்டு செல்லலாம். மடியில் முடிந்த ஒற்றை இலை வேண்டாம்.