மூணு செண்டுக்காரர் என் வெப்சைட்டைப் பார்த்தபோது

"நாலு தடவ பார்த்தேன்மா ஒங்க வெப்சைட்ட. எங்க வீடு மாதிரி ஒரு வீடு அதுல இல்ல. சரி, பெரிய ஆளுகளுக்குத்தான் செய்வீங்க போலன்னு விட்டுட்டேன். அப்புறம் எங்க கொத்தனார்தான் ஒங்க நம்பரக் குடுத்தாரு."

மதுரை ஒத்தக்கடைப் பக்கம் மூணு செண்டு மனையில் மூலைக்கு மூலை டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தபோது அவர் இதைச் சொன்னார். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குறை சொல்லும் குரல் இல்லை. எனக்குத்தான் சுருக்கென்றது. அந்த வெப்சைட்டுக்கு முந்தைய வருடம்தான் நல்ல தொகை அழுதிருந்தேன். கறுப்புப் பின்னணி, மெல்லிசான எழுத்து, முகப்பில் திரை முழுக்க ஒரு ரிசார்ட்டின் நீச்சல் குளம். நான் செய்த ஒரே ரிசார்ட் அது. என் அலுவலகத்துக்குச் சோறு போட்டதெல்லாம் மூணு செண்டு, அஞ்சு செண்டு வீடுகள். அதில் ஒன்றைக்கூட நான் அங்கே வைக்கவில்லை.

ஆர்க்கிடெக்ட்டுகளுக்கு இது வழக்கமான வியாதி. ஐந்து வருடப் படிப்பு முழுக்கச் சுவரில் ஷீட்டை ஒட்டிவிட்டு ஜூரி முன்னால் நின்று பழகியவர்கள் நாங்கள். வெப்சைட்டையும் அந்தச் சுவராகவே நினைத்துக்கொள்கிறோம். சக ஆர்க்கிடெக்ட் பார்த்து மெச்ச வேண்டும். வங்கிக் கடனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கட்டிலில் படுத்தபடி புருஷனும் பெண்டாட்டியும் ஒரே போனில் எட்டிப் பார்ப்பார்களே, அவர்கள் ஞாபகமே எங்களுக்கு வருவதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. விளம்பரம் கூடாது என்ற கட்டுப்பாட்டோடு வளர்ந்த தொழில் இது. 1972ஆம் வருட ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டத்தின் கீழ் 1989இல் வந்த நடத்தை விதிகளில், கட்டடத்தில் எங்கள் பெயரைப் போட்டால் எழுத்தின் உயரம் 10 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்றுகூட இருக்கிறது. 'நாங்களே நம்பர் ஒன்' என்று எழுத முடியாது. நல்லதுதான். ஆனால் செய்த வேலையைப் படத்தோடு விவரித்துச் சொல்வதை அந்த விதிகள் தடுக்கவில்லை. நாங்களாகவே வாயைக் கட்டிக்கொண்டு, வெறும் படத்தை மட்டும் மாட்டி வைத்தோம்.

இன்டர்நெட் இல்லாத காலத்திலேயே இதை அழகாகச் செய்து காட்டியவர் லாரி பேக்கர். பர்மிங்காமில் பிறந்து, திருவனந்தபுரத்தில் வாழ்ந்து, 2007இல் அங்கேயே மறைந்தவர். செலவைக் குறைத்து வீடு கட்டுவது எப்படி என்று தன் கையாலேயே படம் போட்டுச் சின்னச் சின்னப் புத்தகங்கள் எழுதினார். செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைத்துக் கட்டினால் சுவருக்குள் வெற்றிடம் கிடைக்கும், கல் மிச்சமாகும், வெயிலும் சட்டென்று உள்ளே இறங்காது என்பதை வீடு கட்டப்போகிறவருக்கே புரியும்படி வரைந்து காட்டினார். படித்தவர் விஷயத்தைத் தெரிந்துகொண்டு கொத்தனாரிடமே போயிருக்கலாம். பேக்கருக்கு வேலை ஒன்றும் குறையவில்லை.

ஒத்தக்கடையிலிருந்து திரும்பிய வாரம் நான் செய்த முதல் காரியம், கூகுளின் சர்ச் கன்சோலைத் திறந்து பார்த்தது. காசு கிடையாது. தளம் நம்முடையதுதான் என்று நிரூபித்துவிட்டால், என்ன தேடியபோது நம் பக்கம் மக்கள் கண்ணில் பட்டது என்று வார்த்தை வார்த்தையாகக் காட்டும். என் பெயரைத் தவிர அதில் ஒன்றும் உருப்படியாக இல்லை. காரணம் எளிது. வாசகங்களையெல்லாம் அழகுக்காகப் படத்துக்குள்ளேயே பதித்து வைத்திருந்தேன். தேடுபொறிக்குப் படிக்க அங்கே எழுத்தே இல்லை. இருந்த நாலு வரியும் 'இடவெளியின் கவித்துவம்' என்கிற ரகம். அதை யார் தேடுவார்கள்? மக்கள் தேடுவது 'இருபதுக்கு அறுபது வடக்கு பார்த்த மனை', 'மூணு செண்டில் கார் நிறுத்த இடம்', 'மாடிப்படி வெளியே'. பாதிப்பேர் தமிழையே ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள்.

படங்களைக் கழித்துவிட்டு வீட்டுக்கு ஒரு பக்கம் என்று எழுத உட்கார்ந்தேன். மனை எத்தனை அடிக்கு எத்தனை அடி, எந்தத் திசை பார்த்தது, முன்னால் ரோடு எவ்வளவு அகலம், கட்டிய பரப்பு எத்தனை சதுர அடி, எந்த வருடம் முடிந்தது, அந்த வருட விலையில் சுமாராக என்ன ஆனது. வருடத்தைப் போடாமல் செலவை மட்டும் போட்டால் வம்பு. ஐந்து வருடத்துக்கு முந்தைய கம்பி விலையைக் காட்டி இன்றைக்குச் சண்டைக்கு வருவார்கள். பிளானையும் போட்டேன். 'திருடிக்கொள்வார்களே' என்றாள் என்னோடு படித்தவள். திருடிய பிளான் வேறு மனையில் உட்காராது. உட்கார வைக்கப் பார்த்துத் தோற்ற ஒருவர், கடைசியில் என்னிடமே வந்தார்.

இதற்கெல்லாம் மேலாக, ஒவ்வொரு பக்கத்திலும் வீட்டுக்காரர் என்ன கேட்டார், எதில் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை என்று எழுதினேன். ஒரு வீட்டில் நடுமுற்றம் வைத்தோம். ஐப்பசி மழையில் சாரல் சோபா வரை வந்துவிட்டது. அடுத்த வருடம் முற்றத்தைச் சுற்றி இரண்டடிக்குச் சாய்ப்பு இறக்கினோம், என் செலவில். இதை எழுதலாமா என்று வீட்டுக்காரம்மாவிடம் கேட்டேன். "எழுதுங்க மேடம், நாங்க பட்ட பாட்டை நாலு பேரு தெரிஞ்சுக்கட்டும்" என்றார். ரிசார்ட் படத்தைப் பார்த்து ஒரு போன் வந்ததில்லை. 'அந்தச் சோபா நனஞ்ச வீடு' என்று சொல்லிக்கொண்டு வருகிறார்கள்.

கட்டணப் பக்கம்தான் எனக்குக் கை நடுங்கிய இடம். எங்கள் ஊரில் சதுர அடிக்கு இவ்வளவு என்பார்கள், சிலர் கட்டுமானச் செலவில் சதவீதம் என்பார்கள், யாரும் வெளியே எழுதி வைக்க மாட்டார்கள். நான் எழுதினேன். எத்தனை தவணை, எந்தக் கட்டத்தில் எந்தத் தவணை, 18 சதவீத ஜிஎஸ்டி தனி, எத்தனை முறை பிளானை மாற்றலாம், அதற்கு மேல் போனால் என்ன. ஆர்க்கிடெக்ட் சைட்டுக்கு வருவது வேறு, தினமும் நின்று மேற்பார்வை பார்ப்பது வேறு. இரண்டாவதற்கு சைட் இன்ஜினியர் வேண்டும் என்பதையும் பச்சையாகச் சொன்னேன். துபாயிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு ஊரில் வீடு கட்டுகிறவர்கள் இந்தப் பத்தியைத்தான் இரண்டு முறை படிக்கிறார்கள். நேரில் வர முடியாதவர்களுக்கு எழுத்துதான் பிடிமானம். விசாரிப்புகள் குறைந்தன, உண்மை. முன்பெல்லாம் திருமங்கலத்துக்கும் மேலூருக்கும் ஓசிக்கு அலைந்து, மூன்றாவது சந்திப்பில் "பிளானுக்கெல்லாம் காசா?" என்ற கேள்வியை வாங்கிக்கொண்டு திரும்புவேன். அந்தப் பெட்ரோல் மிச்சம்.

அனுமதி பற்றி ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். 2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுகிறவர்கள் ஆன்லைனிலேயே உடனடி அனுமதி பெறலாம். அது வந்ததும், 'இனி பக்கவாட்டில் இடம் விடத் தேவையில்லையாமே' என்று ஆளாளுக்குப் போன். விதிகள் அப்படியேதான் இருக்கின்றன, மீறவில்லை என்று கையெழுத்துப் போடும் பொறுப்பு உங்கள் தலைக்கு வந்திருக்கிறது என்று எழுதி வைத்தேன். இப்போது அந்தப் பக்கத்தின் லிங்க்கை அனுப்பிவிடுகிறேன்.

தொழில்நுட்பம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. போட்டோகிராபர் தரும் படம் ஒன்று எட்டு எம்பி இருக்கும். அப்படியே இருபதை ஏற்றினால் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் நிற்பவர் போனில் அது சுற்றிக்கொண்டே இருக்கும். முக்கியமான படம் இரண்டரை விநாடிக்குள் திரைக்கு வர வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். 200 கேபிக்குச் சுருக்கினாலும் போன் திரையில் வித்தியாசம் தெரியாது. பதினான்கு கட்டம் கொண்ட விண்ணப்பப் படிவத்தைத் தூக்கிவிட்டு வாட்ஸ்அப் பொத்தான் வைத்தேன். ஊர், மனை அளவு, ரோடு எந்தப் பக்கம், எப்போது தொடங்க உத்தேசம், பட்ஜெட். ஐந்து கேள்வி போதும்.

ஆனால் ஒன்றைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் முதல் தளத்தின் டொமைனை அதைச் செய்து கொடுத்த பையன் தன் பெயரிலேயே பதிவு செய்திருந்தான். அவன் வெளிநாடு போய்விட்டான், புதுப்பிக்க ஆளில்லை, காலாவதியானது. வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். விசிட்டிங் கார்டில் இருந்த முகவரியை அடித்தால் ரம்மி விளம்பரம். ஒரு மாமியார் எனக்கே போன் போட்டு, "என்னம்மா, சீட்டாட்டமும் நடத்துறியா?" என்று கேட்டார். மனைப் பத்திரத்தை மேஸ்திரி பெயரில் எழுதுவோமா? டொமைனை மட்டும் எழுதிவிடுகிறோம்.

படங்கள் விஷயத்தில் இன்னும் குழப்பத்தில் இருக்கிறேன். எங்கள் வழக்கம், போட்டோ எடுக்கும் முன் நிலைவாசலில் தொங்கும் திருஷ்டிப் பூசணியைக் கழற்றுவது, கொடியில் காயும் துணியை ஒளிப்பது, கட்டிலடிச் சாமான்களை மாடிக்குக் கடத்துவது. அப்படிச் சுத்தம் செய்த வீட்டை வீட்டுக்காரருக்கே அடையாளம் தெரியாது. இப்போது பூசணியை விட்டுவைக்கிறேன். வீட்டின் விலாசம், பூஜை அறை, பீரோ இருக்கும் மூலை போடுவதில்லை. பெரியவர்கள் 'கண்ணு படும்' என்றால் அந்த வீடே வேண்டாம். அப்படி நான் செய்ததிலேயே நல்ல வீடு ஒன்று என் தளத்தில் இல்லை, இருக்கப்போவதும் இல்லை.

கண்டக்டர் அண்ணன் வீடு இப்போது முதல் பக்கத்தில் இருக்கிறது, நீச்சல் குளம் இருந்த இடத்தில். கிரகப்பிரவேசத்துக்குப் பிறகு அந்த லிங்க்கைத் தன் பழைய டெப்போ ஆட்கள் எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறார். போன மாதம் காலை ஆறரை மணிக்கு அவரிடமிருந்து போன்.

"ஏம்மா, ஹாலு பத்தேமுக்கால் அடின்னு போட்டிருக்கு."

"ஆமாண்ணே, பிளான்ல அப்படித்தான்."

"பூச்சு போக பத்தரைதான்மா வருது. டேப் வச்சுப் பார்த்துட்டேன். நாளப்பின்ன யாராவது வந்து அளந்து பாத்தா என்ன நினைப்பாங்க?"

மாற்றிவிட்டேன்.