பழைய ஆல்பத்தை ஏலம் கேட்குமுன்

தைவான் 1895 முதல் 1945 வரையிலும், கொரியா 1910 முதல் 1945 வரையிலும் ஜப்பானியர் ஆட்சியில் இருந்தன. அந்தக் காலத்துப் பள்ளி நினைவு ஆல்பங்களும் குடும்ப ஆல்பங்களும் அரசு அச்சிட்ட படத்தொகுப்புகளும் இன்று இணைய ஏலத்துக்கு வருகின்றன. போர் முடிந்து தாய்நாடு திரும்பிய ஜப்பானியர் ஆளுக்கு 1,000 யென்னும் தூக்க முடிந்த மூட்டையும்தான் கொண்டுபோக முடிந்தது. ஆகவே, பல ஆல்பங்கள் அங்கேயே தங்கிப் பிறர் கைக்குப் போயிருக்கலாம். ஆல்பம் யார் கை மாறி வந்தது என்று முதலில் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். கொரியாவிலிருந்து வெளியேறும் பழம்பொருள்களை விமான நிலையத்திலேயே ஆய்வாளர்கள் பரிசோதிக்கிறார்கள். தடையுள்ள பொருளுக்குக் கொடுத்த பணம் சிக்கிக்கொள்ளும்.

போலிகளைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். நகைக்கடை லென்ஸில் பார்த்தால் அச்சுப்படத்தில் ஒழுங்கான புள்ளிகள் தெரியும். அரசுத் தொகுப்புகள் அந்நாளிலேயே அச்சானவை, அவற்றில் புள்ளி இருக்கலாம். குடும்ப ஆல்பத்தின் போட்டோவில் இருந்தால் அது நகல். கள்ளநோட்டு பார்க்கும் புற ஊதா விளக்கில் காகிதம் பளீரென நீலவெண்மையாக ஒளிர்ந்தால், 1950-களுக்குப் பிந்தையதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஜப்பானியரின் தைஷோ ஆண்டுக் கணக்கு 1926-இல், 15-ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது. ‘தைஷோ 18’ என்று எழுதியிருந்தால் வாங்காதீர்கள்.

இலாபத்துக்காக ஆல்பத்தைக் கிழித்து, படம் படமாக விற்பதுதான் எனக்கு மிகவும் வலிக்கிறது. பக்கங்களின் வரிசை, ஓரத்துக் கையெழுத்து, ஸ்டூடியோ முத்திரை போய்விட்டால் படத்திலிருப்பவர் யாரென்று சொல்ல எவரும் மிஞ்சுவதில்லை. பிரித்த படங்களை வாங்காதீர்கள்.

வாங்கிய படங்களைப் பகிர நினைத்தால், ஜப்பானியச் சட்டப்படி 1956 இறுதிக்குள் வெளியான புகைப்படங்களுக்குப் பதிப்புரிமை முடிந்துவிட்டது. மற்ற நாடுகளில் கணக்கு வேறு. உரிமை முடிந்தாலும் மனிதர்கள் முடிந்துபோவதில்லை. 1930-இல் தைவானின் வூஷேயில் பழங்குடியினர் ஜப்பானியருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார்கள். அடுத்த ஆண்டு வெட்டப்பட்ட அவர்களின் தலைகள் குவித்து வைக்கப்பட்டுப் படமெடுக்கப்பட்டன. அப்படிப்பட்ட படத்தை விலைப் பெருமைக்காகப் பகிர்வது அவர்களின் சந்ததியை மறுபடி அவமதிப்பதாகும்.

ஏமாந்தால் என்ன செய்வது? விற்பனை விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பார்சல் பிரிக்கும் வீடியோ இரண்டும் கையில் இருக்கட்டும். தளத்துக்கு வெளியே பணம் அனுப்பினால் தளத்தின் பாதுகாப்பு கிடைக்காது. இந்தியாவின் 2020 மின்வணிக விதிகளின்படி, தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்தில் தீர்வு காண வேண்டும். தவறினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் உண்டு. இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். பண மோசடி என்றால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். விற்பவர் வெளிநாட்டில் இருந்தால் தளத்தின் வாங்குவோர் பாதுகாப்பையும் உங்கள் வங்கியையும் உடனே நாடுவதே நடைமுறையில் உதவும்.

வாங்கிய தைவான் ஆல்பத்தில் ஊர்ப் பெயரோ பள்ளிப் பெயரோ இருந்தால், ஸ்கேன் செய்து தைனானிலுள்ள தேசிய தைவான் வரலாற்று அருங்காட்சியகத்துக்கு எழுதிப் போடுங்கள்.